லாவெண்டர் வைக்காத அலமாரி

பிப்ரவரி 4, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. அலமாரியைத் திறக்கும் நாள்.

காலை பத்தரைக்குத் திறந்தேன். நூறு வரை எண்ணிவிட்டு மூடினேன். போன மாதம் நூற்றைம்பது வரை எண்ணினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன். வாசனை என்பது காற்றோடு போகிற துகள். திறக்கத் திறக்கத் தீரும். பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் நடத்துகிறேன். மேசைமேல் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து, கடைசி வரிசைக்கு வாசனை போய்ச்சேர எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணச் சொல்வேன். வீட்டுக்கு வந்து அதே கணக்கை என் கணவன் ரெஜிஸின் ஸ்வெட்டர்களுக்குப் போடுகிறேன்.

ஐந்து ஸ்வெட்டர்கள். நீலம், பழுப்பு, பச்சை, சாம்பல், கழுத்துப்பட்டி வைத்த கறுப்பு. ஐந்தும் அவனுடைய அம்மா ஆர்லெத் பின்னியவை. முகத்தைப் பச்சையில் வைத்தேன். இருக்கிறது. அவன் போய்ப் பதினாறு மாதம் ஆகிறது, இன்னும் இருக்கிறது.

இந்த வீட்டில் லாவெண்டர் பை வைக்காத ஒரே இடம் இந்த அலமாரிதான். படுக்கை விரிப்புகளுக்கு நடுவில், தலையணை உறைக்குள், காலணிகளில், காரின் முன்பக்கச் சிறு பெட்டியில், மாவு டப்பாவுக்குப் பின்னால் என்று எங்கே கை விட்டாலும் ஆர்லெத் தைத்த பை ஒன்று தட்டுப்படும். மலைமேல் விளையும் மெல்லிய ரகம் படுக்கைத் துணிகளுக்கு. கீழே விளையும் முரட்டு ரகம், கற்பூரம் தூக்கலாக அடிப்பது, கம்பளிக்கு. அடக்கம் முடிந்த மறுநாள் ஆர்லெத் ஏழு பைகளோடு இந்த அலமாரிக்கு வந்தார். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

“வேண்டாம். அவன் வாசனை போயிரும்.”

“பூச்சி வரும்.”

“வரட்டும்.”

“பூச்சி தின்னு முடிச்சப்புறம் எதை எடுத்து மோந்து பார்ப்ப?”

நான் நகரவில்லை. அன்றே பூட்டினேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில்.


பிப்ரவரி 13, செவ்வாய்

ஆர்லெத்தின் கீழ்வீட்டில் பால் கருகி வாடை மேலே வரை வந்தது. நான் ஓடினேன். அவர் அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். “பால்தானே, வீடா கருகுது?” என்றார்.

எழுபத்தொன்பது வயது. முட்டி தேய்ந்துபோய்விட்டது, இந்தக் குளிர்காலத்திலிருந்து படியே ஏறுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் துடைப்பக் கம்பால் தன் வீட்டு உட்கூரையைத் தட்டுவார். நான் இறங்கிப்போவேன். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். இன்றும் அவர் என்னை நீ என்கிறார், நான் அவரை நீங்கள் என்கிறேன். இரண்டு பேருமே அதை மாற்ற முயன்றதில்லை.


மார்ச் 3, ஞாயிறு

நீல ஸ்வெட்டரின் இடது முழங்கையில் ஒரு ஓட்டை. சுண்டுவிரல் நுழைகிற அளவு.

அப்படியானால் வந்துவிட்டது. ஆர்லெத் சொன்னது நடக்கிறது. பறக்கிற அந்துப்பூச்சிக்கு வாயே கிடையாது, தின்பது புழுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து? வகுப்பில் சொல்லலாம்.

ஒரே ஒரு லாவெண்டர் பை போதும், புதிதாகப் பூச்சி அண்டாது. ஆனால் ஒரு பைக்கு ஒரு வாரம் போதும், ரெஜிஸ் மணக்கிற இடமெல்லாம் லாவெண்டர் மணக்கும். துணியைக் காப்பாற்றினால் அவனை இழக்க வேண்டும். அவனை வைத்துக்கொண்டால் துணி போகும்.

எண்பது எண்ணி மூடினேன். ஒன்றும் வைக்கவில்லை.


மார்ச் 12, செவ்வாய்

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தேன். படிக்கட்டில் பாதி ஏறியதும் ரெஜிஸ்.

அவன் வாசனை. நினைவு இல்லை, நிஜ வாசனை, மூக்கில், ஒரு படி முழுக்க நின்றது. வாதுமை மரத்தூள், செப்புக் கொப்பரை, கழுத்து. அடுத்த படியில் இல்லை. திரும்பி இறங்கினேன். அங்கேயும் போய்விட்டது.

எங்கள் படிக்கட்டு ஒரு ஆள் போகிற அகலம்தான். அவன் மேலிருந்து இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். “லாரி வருது, ஒதுங்கு” என்பான். லாவெண்டர் எண்ணெய் வடிக்கும் ஆலைக்கு லாரி ஓட்டியவன். மற்ற மாதங்களில் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பான். அக்டோபரில் ஒருநாள் கொப்பரையைக் கழுவி மூடிவிட்டு வெளியே வந்து ஆலைப் படியில் உட்கார்ந்தான். ஐம்பது வயது. எழவில்லை.

மேலே வந்து அலமாரியைத் தொட்டுப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.


மார்ச் 26, செவ்வாய்

மறுபடியும். அதே படி.


ஏப்ரல் 7, ஞாயிறு

ஓட்டை இல்லை.

நீலம், இடது முழங்கை. வலதையும் பார்த்தேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கம்பளி முழுசாக இருக்கிறது. ஓட்டை இருந்ததாக மார்ச் 3-ஆம் தேதி என் கையெழுத்திலேயே இருக்கிறது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன் அல்லவா?

விட்டேனா?

எத்தனை எண்ணினேன் என்று தெரியவில்லை. கதவு ரொம்ப நேரம் திறந்திருந்துவிட்டது. ஆனால் வாசனை இருக்கிறது. குறைந்ததாகவே தெரியவில்லை.

ஆர்லெத்தா? முட்டி விடாது. சாவி என் கழுத்தில். கீழே போய் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அவர் இல்லை என்றால் எனக்குப் பைத்தியம். அவர்தான் என்றால் படிக்கட்டில் வந்தது யாருமில்லை.

கேட்கவில்லை.


மே 5, ஞாயிறு

பழுப்பு ஸ்வெட்டரின் வலது மணிக்கட்டு. ரெஜிஸ் கால்பந்து பார்க்கும்போது அந்த ஓரத்தைக் கடிப்பான். நூல் பிரிந்து நாய் கடித்தது மாதிரி தொங்கும். இருபது தடவை திட்டியிருக்கிறேன்.

இன்று ஓரம் முழுசாக இருக்கிறது. புதிதாகப் பின்னியது போல.

யாரோ அவனைச் சரிபண்ணிக்கொண்டு வருகிறார்கள்.

இருந்தாலும் முகத்தை வைத்தேன். அவன்தான். மூடிய பிறகு ஒரு வெள்ளை நூலை எச்சில் தொட்டு இரண்டு கதவுக்கும் குறுக்கே ஒட்டினேன். நாற்பத்தேழு வயதில் பிள்ளைகள் செய்கிற வேலை.


மே 19

நூல் அப்படியே இருக்கிறது.


ஜூன் 2, ஞாயிறு

நூல் அறவில்லை. ஒரு மாதம் முழுக்க யாரும் திறக்கவில்லை.

திறந்தேன். வாசனை முன்பைவிட அதிகமாக இருக்கிறது. அதிகமாக வழியே இல்லை. உடம்பு இல்லாமல் வாசனை எங்கிருந்து ஊறும்? ஆனால் இருக்கிறது. பச்சையில், சாம்பலில், கறுப்பின் கழுத்துப்பட்டியில் அவன் கழுத்து. உட்கார்ந்துவிட்டேன். முந்நூறு எண்ணினேன். இனி எண்ண வேண்டியதில்லையோ என்று தோன்றியது. அவன் போகவில்லை. அவன் இங்கேதான் இருக்கிறான், இருந்துகொண்டு ஓட்டைகளை அடைக்கிறான்.

எழுதிய பிறகு இந்த வரியைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அடிக்கவில்லை.


ஜூலை 9, செவ்வாய்

விடுமுறை. சந்தையில் ஆர்லெத் முலாம்பழம் வாங்கினார். எப்போதும் காம்புப் பக்கம் மூக்கை வைத்து இழுப்பார், வியாபாரி, “பாட்டி, பழத்தை விட்டுட்டு வாசனைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போறியா?” என்று கேலி செய்வான். இன்று கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அமுக்கினார். “கனமா இருந்தா இனிப்பா இருக்கும்” என்றார்.

வீட்டில் அறுத்தால் வெறும் தண்ணீர்.


ஜூலை 26, வெள்ளி

அறுவடை வாரத்தில் மூன்று நாள் மழை. மேல்மச்சில் தலைகீழாகத் தொங்கும் லாவெண்டர் கட்டுகள் இந்த வருடம் சோம்பிக் காய்கின்றன. வழக்கம்போல என்னைக் கட்டுகளை இறக்கச் சொன்னார் ஆர்லெத். அவர் மேசையில் சல்லடையோடு உட்கார்ந்துகொண்டார். காம்பைப் பிடித்து உருவினால் பூ உதிரும். உதிர்ந்ததை இரண்டு கையிலும் அள்ளி முகத்துக்குக் கொண்டுபோவார். பச்சைப்புல் வாடை போயிருந்தால் காய்ந்தது என்று கணக்கு. ஊரில் எல்லோரும் சொல்வார்கள், லாவெண்டர் காய்ந்ததா என்று ஆர்லெத்தின் மூக்கைக் கேள் என்று.

இன்றும் அள்ளினார், முகத்தை அதில் புதைத்தார், நிமிர்ந்தார். “ம். ஆச்சு.”

எனக்குக் கொஞ்சம் புல் அடித்தது. விரலில் பூ நொறுங்கவில்லை, மடங்கியது. ஆனால் ஆர்லெத்திடம் நான் என்ன சொல்வது? அவர் தைத்தார், நான் நிரப்பினேன். பழைய படுக்கை விரிப்புகளை வெட்டிய பைகள், மூலையில் அவருடைய கல்யாணத்துக்கு ஊசியால் பின்னிய பெயரின் முதலெழுத்துகள். அறுபத்துநான்கு பை.

ஜூலை முதல் ஞாயிறை எழுதாமல் விட்டிருக்கிறேன். திறந்தேன். இருந்தான்.


ஆகஸ்ட் 15, வியாழன்

மாதாவின் திருநாள். பூசை முடிந்து கோவில் வாசலில் ஆர்லெத் கூடையோடு நின்றார். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பை. போன வருடத்துப் பைகளைத் திருப்பித் தந்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். ரெஜிஸ் இருந்தபோது கூடையை அவன் பிடிப்பான். இன்று நான்.


ஆகஸ்ட் 21, புதன்

ரொட்டிக்கடை ஜோசியான் என்னைக் கடைக்குப் பின்னால் அழைத்தாள். மாவு மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்துத் திறந்தாள். ஆர்லெத்தின் பை. பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது, ஈரத்துணியை மூட்டைகட்டி மறந்துபோனது மாதிரி.

“ரெண்டும் இப்படித்தான். என் மாமியார் போர்வைக்குள்ள வச்சேன், கிழவி நான் அவளைக் கொல்லப் பார்க்கிறேன்னு மகனுக்குப் போன் போட்டுட்டா.”

சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். கொட்டகையில், கோழிக்கூட்டில், கார் டிக்கியில் வைத்திருக்கிறார்கள். ஒருவரும் ஆர்லெத்திடம் சொல்லவில்லை. பார்த்தால், ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

“நீ சொல்லிறாத. மகனைப் பறிகொடுத்தவங்க.”

நான்தான் நிரப்பினேன். புல் வாடையை முகர்ந்துகொண்டே.


ஆகஸ்ட் 22, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் இது நடந்ததாக இருக்கும்.

மதியம் மூன்று மணிக்கு, பையைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று கீழே போனேன். கதவைத் திறந்ததும் புகை. அடுப்பில் தக்காளி கரியாகி, வாணலி சிவந்துகொண்டிருந்தது. ஆர்லெத் அடுப்புக்கு முதுகு காட்டி ஜன்னலோரம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். புகை அவர் தலைக்கு மேல் சுருண்டது.

அடுப்பை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன்.

“ஆர்லெத், உங்களுக்குத் தெரியலையா?”

அவர் வாணலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

“தெரியல. அவன் போன குளிர்காலத்துல காய்ச்சல்ல படுத்தேனே, அதுலேருந்து மூக்குல ஒண்ணுமே ஏறல. காப்பியும் சுடுதண்ணியும் ஒண்ணுதான்.”

“ஏன் சொல்லல?”

“ஊருக்கே பை தைச்சுக் குடுக்கிறவளுக்கு மூக்கு இல்லன்னா சிரிக்க மாட்டாங்களா? வேற ஒருத்தியா இருந்தா நானே சிரிச்சிருப்பேன்.”

பால், முலாம்பழம், ‘ம். ஆச்சு.’ எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. அவர் பக்கத்தில் உட்காரப் போனேன். நாற்காலியில் தையல் பெட்டி திறந்து இருந்தது. உள்ளே ஐந்து சின்ன நூல் உருண்டைகள். நீலம், பழுப்பு, பச்சை, சாம்பல், கறுப்பு.

கை தானாக நீல உருண்டையை எடுத்தது.

“பூச்சி மேலவீட்டுலேருந்து இங்க வந்துச்சு,” என்றார். “பிப்ரவரிலேயே. என் விளக்கைச் சுத்துச்சு. எங்கேருந்து வருதுன்னு தெரியாதா எனக்கு?”

சாவி எப்படி என்றேன். அது அவருடைய கல்யாணத்துக்கு அவர் அப்பா செய்து கொடுத்த அலமாரியாம். “ரெண்டு சாவி. ஒண்ணை நீ கழுத்துல மாட்டிக்கிட்டிருக்க. இன்னொண்ணு எங்கன்னு நீ கேட்டதே இல்ல.”

படி? உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாராம். பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக, கையை ஊன்றி. செவ்வாய்க்கிழமைகளில், நான் பள்ளியில் இருக்கும்போது. இறங்கும்போது ஸ்வெட்டர் மடியில்.

மார்ச் 12. மார்ச் 26. செவ்வாய்.

அப்புறம்தான் அதைக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“துவைச்சீங்களா?”

“பூச்சி முட்டை ஒட்டின கம்பளிய துவைக்காம எப்படித் தைக்கிறது? வாசனை இல்லாத சோப்பு. ரெண்டு தண்ணி அலசினேன். லாவெண்டர் வைக்கல, நீ வேண்டாம்னு சொன்ன.”

“எத்தனைய?”

“அஞ்சையும். ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு வாரத்துல முடிச்சிட்டேன்.”

ஏப்ரல் நடுவில். நான் மே மாதம் முகத்தை வைத்தேன். ஜூன் மாதம் முந்நூறு எண்ணினேன். ஜூலையில் இருந்தான். ஆகஸ்ட் நாலாம் தேதி இருந்தான். சோப்புப் போட்டு இரண்டு தண்ணீர் அலசிய கம்பளி.

என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டேன். என்னிடம் அது ஒன்றுதானே இருந்தது என்று கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவர் மெதுவாகச் சொன்னார்:

“உனக்கு மோந்து பார்க்க இருந்துச்சு. எனக்கு அது இல்ல. தொட்டுப் பார்க்க மட்டும்தான் முடியும். அந்தத் தோள் அளவெல்லாம் என் விரல்ல இருக்கு. அதையும் புழு தின்னுட்டிருந்துச்சு, செவெரின்.”

நான் கதவு வரை வந்துவிட்டேன்.

“முதல்ல நீலத்தைத்தான் துவைச்சேன். துவைச்சு மேல வச்சுட்டு, நீ கத்திக்கிட்டு இறங்கி வருவேன்னு அந்த ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்திருந்தேன். நீ வரல. சரி, வாசனை முன்னாடியே போயிருச்சு போல, இவ சும்மா பூட்டி வச்சிருக்கான்னு நினைச்சேன். அப்புறம்தான் மத்த நாலையும் எடுத்தேன்.”


ஆகஸ்ட் 23

கீழே போகவில்லை.


ஆகஸ்ட் 24

துடைப்பக் கம்பால் இரண்டு முறை தட்டினார். போகவில்லை. பிறகு ரொட்டியைப் படி அடியில் வைத்துவிட்டு வந்தேன்.


ஆகஸ்ட் 25, ஞாயிறு

இந்த நோட்டைப் பின்னாலிருந்து படித்தேன். “வாசனை முன்பைவிட அதிகமாக இருக்கிறது. அதிகமாக வழியே இல்லை.” என் கையெழுத்து. பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

உயிரியல் படித்தவள். நூல் ஒட்டிப் பார்த்தவள். வழியே இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே நம்பியவள்.


ஆகஸ்ட் 26, திங்கள்

முதல் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. திறந்தேன்.

கம்பளி. மரம். கொஞ்சம் தூசி.

ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். கழுத்து, கக்கம், மணிக்கட்டு. எதுவும் இல்லை. வியாழக்கிழமை காலை வரை இருந்தான். ஆர்லெத் ஒரு வாக்கியம் சொன்னார், போய்விட்டான். சோப்பு செய்யாததை அந்த வாக்கியம் செய்தது.

கதவை மூடினேனா என்று பார்க்க இரண்டு தடவை எழுந்துபோனேன். மூடினால் என்ன, திறந்தால் என்ன.


செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் படிக்கட்டில் சத்தம். தொம். நிறுத்தம். தொம். கதவைத் திறந்து பார்த்தேன். ஆர்லெத் எனக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தார். ஏழாவது படியில் மூச்சு வாங்கியது. தலையைத் திருப்பவில்லை, என் காலடி கேட்டிருக்கும்.

“தூக்கிவிட வராத, விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்.”

நான் ஒன்பதாவது படியில் உட்கார்ந்தேன். அவர் ஏழில். இருவரும் வாசலைப் பார்த்தபடி, பேருந்தில் முன்னும் பின்னும் உட்கார்ந்தது போல.

“அவன் எப்படி மணந்தான்னு சொல்லு,” என்றார். “எனக்கு மறந்துபோச்சு. மூக்கு போனதோட அதுவும் போச்சு. கடைசியா மோந்தவ நீதான்.”

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

வாதுமை மரத்தூள் முதலில் என்றேன், காரமாக, காது மடலுக்குப் பின்னால். ஜூலையில் அதற்கு மேல் கொப்பரை ஆவி, வெந்த புல்லும் கற்பூரமும். ரேடியோவில் ரக்பி இருந்தால் வியர்வை வேறு மாதிரி. பொய் சொன்னால் இன்னொரு மாதிரி. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று மூன்று வருடம் சொன்னான், நான் மூன்று வருடமும் முகர்ந்துகொண்டிருந்தேன். பூண்டு. எப்போதும் பூண்டு.

“அது என் சமையல்.”

“தெரியும்.”

அவர் தோள் குலுங்கியது, சிரிப்பு என்று நினைத்தேன். பிறந்த அன்று புளித்த ரொட்டி மாவு மாதிரி மணந்தான் என்றார். அது ஞாபகம் இருக்கிறதே என்றேன். இல்லை, அப்படி இருந்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததுதான் ஞாபகம் என்றார்.

பிறகு நான் பைகளைப் பற்றிச் சொன்னேன். கோழிக்கூடு, கொட்டகை, ஜோசியானின் மாமியார், எல்லாம். புல் வாடை எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நிரப்பின.”

“ஆமா.”

“நானும் மேல ஏறினதை உங்கிட்ட சொல்லல,” என்றார். “சரி. இறங்கறதுக்கு உதவி பண்ணு.”


செப்டம்பர் 5, வியாழன்

ஜோசியான் போனில் சொன்னாள், சிரிப்பும் அழுகையுமாக. ஆர்லெத் காலையில் கடைக்குப் போய், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “என் மூக்கு செத்துப்போச்சு, ரெண்டு வருஷம் ஆச்சு, நீங்க எல்லாம் பொய்யனுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள பைகளைத் திருப்பிக் கொண்டாங்க” என்றாராம். பிறகு ஒரு நீள ரொட்டி வாங்கிக்கொண்டு போனாராம்.


செப்டம்பர் 8, ஞாயிறு

அறுபத்துநான்கில் அறுபத்தொன்று வந்துவிட்டது. ஒன்றை நாய் தின்றது. இரண்டு ஜோசியானின் மாமியார் சாட்சியமாக வைத்திருக்கிறாளாம்.

பிரித்து, பூவைக் குப்பையில் எரித்து, பைகளைக் கொதிக்கவைத்துத் துவைத்தோம்.


செப்டம்பர் 21, சனி

ரெஜிஸோடு ஆலையில் வேலை பார்த்த ஃபப்ரீஸ் வண்டியில் கட்டுகள் கொண்டுவந்தான், ஜூலை முதல் வாரம், மழைக்கு முன்பே அறுத்துக் கொட்டகையில் தொங்கவிட்டது. ஆர்லெத் ஒரு காம்பைக் காதருகே வைத்து ஒடித்துக் கேட்டார். விரல்களுக்கு நடுவில் பூவை நசுக்கினார். பிறகு இரண்டு கை நிறைய அள்ளி, தன் முகத்துக்குக் கொண்டுபோகாமல், மேசைக்கு இந்தப் பக்கம் என் முகத்துக்கு நீட்டினார்.

முகத்தை வைத்தேன். அவசரப்படவில்லை. புல் இல்லை.

“ஆச்சு,” என்றேன்.

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“அப்ப நீ தப்புன்னா ஊரே உன்னைத் திட்டட்டும்,” என்று ஊசியில் நூலைக் கோத்தார்.


அக்டோபர் 6, ஞாயிறு

நேற்றோடு எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. ஏழு பை மிச்சம். முரட்டு ரகம், கம்பளிக்கு. எத்தனை மிஞ்ச வேண்டும் என்று எண்ணித்தான் ஆர்லெத் தைத்திருக்கிறார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பச்சை ஸ்வெட்டர் இப்போது கீழே அவருடைய நாற்காலியின் முதுகில் கிடக்கிறது. போகிறபோது வருகிறபோது தோளைத் தடவுகிறார். மற்ற நாலும் மேலே.

மதியம் கூடையை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஏழாவது படி தாண்டியிருப்பேன். இன்று முதல் ஞாயிறு என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மரத்தூள். செப்பு. கழுத்து.

கையில் கூடை நிறைய லாவெண்டர். அதையும் மீறி. அலமாரியில் துவைத்த கம்பளி என்று எனக்குத் தெரியும். ஆர்லெத் கீழே பூண்டு இடித்துக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்டது. மூச்சைப் பிடித்து வைக்கவில்லை. எண்ணவில்லை.

கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்றேன். அவன் இறங்கிப் போன பிறகு மேலே ஏறிப்போய் அலமாரியில் பைகளை வைத்தேன்.